ஒற்றைச் சக்கரம்: இடது பெடல் ஏன் கழன்று விழுகிறது?

ஒற்றைச் சக்கர சைக்கிள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெடல் புகார். மிச்சத்தில் பெரும்பங்கு ‘எத்தனை நாளில் வரும்’ என்பது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உயரம் 5 அடி 8 அங்குலம். 20 அங்குல வீல் வாங்கவா, 24 வாங்கவா? (மண்டபம்)

20. கூடவே 40 செ.மீ. சீட் பைப் ஒன்று கேட்டு வாங்குங்கள். வண்டியோடு வருவது உங்கள் காலுக்குக் குட்டையாக இருக்கலாம். எவ்வளவு உயர்த்தினாலும் 10 செ.மீ. பைப் ஃபிரேமுக்குள் இருக்கவேண்டும்.

எத்தனை நாளில் ஓட்டலாம்? (தங்கச்சிமடம், தொண்டி, இன்னும் சிலர்)

நாளை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள். எதையும் பிடிக்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் போக, பெரும்பாலோருக்கு 10 முதல் 15 மணி நேரப் பழக்கம் வேண்டும். தினம் அரைமணி போதும். வாரம் பூராவும் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினால், முக்கால் மணியிலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிடும். அதற்குமேல் உடம்பு கற்றுக்கொள்வதெல்லாம் தப்பாகத்தான் இருக்கும்.

மணலில் பழகினால் விழுந்தாலும் அடிபடாதுதானே? (கீழக்கரை)

அடிபடாது. வண்டியும் நகராது. உதிரி மணலில் வீல் புதையும். அதை நகர்த்தப் பெடல்மேல் எழுந்து நிற்பீர்கள். எதைச் செய்யக்கூடாதோ அதையே முதல் நாள் பழகியதாகும். எடை சீட்டில் இருக்கவேண்டும். நீர் வற்றிய ஈர மணல் கெட்டியாகத் தாங்கும், ஆனால் உப்புத்தண்ணீர் பேரிங்குக்குள் போனால் சில வாரங்களில் கரகரவென்று சத்தம் கேட்கும். அப்படி ஆகிவிட்டால் பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து வாங்குங்கள். 6203 என்றிருந்தால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும்.

பழக நல்ல இடம் வழுவழு சிமென்ட் தரை. கருவாடு காயாத நேரத்து மீன் உலர்தளம், கம்பி வைத்த புயல் காப்பக வராந்தா, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளம். கேட்டுவிட்டு இறங்குங்கள். இதில் முக்கால்வாசி விழுகை நின்ற காலில் இறங்குவதுதான், அடி சீட்டுக்குத்தான் படும். மீதி கால்வாசியில் கையை ஊன்றுவோம். அதனால் ஹெல்மெட்டோடு மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள்.

இடது பெடல் நாலு நாளைக்கு ஒருமுறை கழன்று விழுகிறது. கடையில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். வைக்கலாமா? (ராமநாதபுரம்)

வைக்காதீர்கள். வைத்துவிட்டால் அந்தக் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை), பெடல் இரண்டும் காயலான் கடைக்கு. இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. பெடல்மேல் தப்பில்லை. உங்கள் வண்டி முன்பின் மாறி ஓடிக்கொண்டிருக்கிறது.

சாதா சைக்கிளில் செயின் எப்போதும் வலப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் இடம் வலம் தப்பாது. இதில் செயினே இல்லை, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். மாட்டுகிறவர் பெட்டியிலிருந்து எடுத்தார், முறுக்கினார், சீட்டை வசதிப்பட்ட பக்கம் திருப்பினார், அனுப்பிவிட்டார். இருபது வருஷம் சைக்கிள் பூட்டியவரும் இதில் தவறுகிறார். கிராங்கில் இருக்கும் எழுத்தைப் பார்க்க அரை நிமிஷம் ஆகாது. அதைக்கூடப் பார்க்காமல் காசு வாங்குவதுதான் எரிச்சல்.

இடது பெடலுக்கு இடது மரை, வலதுக்கு வலது மரை. கால் அழுத்தும்போது பெடல் தண்டு கிராங்க் துளைக்குள் மயிரிழை அசைந்து உருளும். அந்த உருளல், முன்னால் ஓடும் வண்டியில் இரண்டு பெடலையும் இறுக்கும் திசையிலேயே நடக்கும். மரையை மாற்றி வெட்டியிருப்பதே அதற்காக. வீல் முன்பின் மாறினால் அதே உருளல் இரண்டையும் அவிழ்க்கும். பாதி அவிழ்ந்த பெடலில் உங்கள் எடை முழுவதும் ஏறும்போது, அலுமினியக் கிராங்கின் மரை பொடிப்பொடியாகக் கையோடு வரும்.

சரிபார்க்கும் வழி: கைப்பிடி உள்ள பக்கம் சீட்டின் முன்பக்கம். வண்டிமேல் உட்கார்ந்து, கிராங்கிலோ பெடல் தண்டின் நுனியிலோ உள்ள எழுத்தைப் பாருங்கள். எல் இடது காலுக்கு, ஆர் வலது காலுக்கு. மாறியிருந்தால் ஃபோர்க்கின் அடியில் பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகளைக் கழற்றி, வீலைத் திருப்பிப் போடுங்கள். ஃபோர்க் இரு பக்கமும் ஒரே மாதிரி என்றால் அந்த வேலையும் வேண்டாம், சீட்டைத் திருப்பினாலே ஆயிற்று. மூடி போல்ட்டைத் திரும்ப முடுக்கும்போது வெறியோடு முடுக்காதீர்கள். வீலைக் கையால் தட்டிவிட்டால் தடையில்லாமல் சுற்றவேண்டும். சட்டென்று நின்றால் பேரிங் நெரிபடுகிறது, கால்வாசிச் சுற்று தளர்த்துங்கள்.

பெடலை மாட்டும்போது மரையில் துளி கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் தப்பான பக்கம். அடித்து ஏற்ற வேண்டாம். பிறகு 15 எம்.எம். ஸ்பேனரை மேலே நிமிர்த்திப் பிடித்து வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும். இந்த ஒன்றை ஞாபகம் வைத்தால் இடது மரை, வலது மரை என்று குழம்பவேண்டியதில்லை. உங்கள் கிராங்க் மரை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் கிராங்கை மாற்றத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதானால் அதே நீளம். 20 அங்குல வீலுக்குப் பெரும்பாலும் 125 எம்.எம். இருக்கும், அளந்து பாருங்கள்.

ஓட்ட வரவில்லை. காரணம் என்ன? (சாயல்குடி)

கடிதம் இவ்வளவுதான். வீல் எத்தனை அங்குலம், சீட் எவ்வளவு உயரம், முன்னால் விழுகிறீர்களா பின்னாலா, ஒன்றும் இல்லை. எழுதினால் பதில் வரும்.

இரண்டு மிதியில் முன்னால் விழுந்துவிடுகிறேன். சீட்டை இறக்கியும் பார்த்தாயிற்று. (பெரியபட்டினம்)

இப்படி விவரத்தோடு கேட்டால் சொல்ல முடிகிறது. சீட்டை இறக்கியதுதான் கோளாறு. குதிகாலை அடிப்பெடலில் வைத்தால் முழங்கால் நேராக நிற்கவேண்டும், அதுவரை ஏற்றுங்கள். தாழ்ந்த சீட்டில் எடை தானாகக் காலுக்கு இறங்கிவிடும். காலில் எடை ஏறினால் வீல் மிதிக்கு மிதி வெட்டி வெட்டி நகரும். எடை சீட்டில்.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். அது சாயும் பக்கம் கை ஓடும். இங்கே கைக்குப் பதில் வீல். முன்னால் சாய்ந்தால் வேகமாக மிதித்து வீலை உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும். நீங்கள் பயந்து மிதிப்பதை நிறுத்துகிறீர்கள். ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் கால் நின்றால் வீலும் அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் போகும்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும் நிலையில் தொடங்குங்கள். அரைச் சுற்று, மறுபடி இணையாக நிறுத்தம். அரைச் சுற்று, நிறுத்தம். ஐம்பது தடவை. கிராங்க் செங்குத்தாக இருக்கும்போது நிற்காதீர்கள். அந்த நிலையில் எந்தக் காலும் வீலை நகர்த்தாது. நிறுத்தாமல் மூன்று சுற்று வந்த பிறகு, கம்பிக்கு முதுகைக் காட்டி நேரே விலகிப் போங்கள். கம்பியை ஒட்டியே போனால் அந்தப் பக்கம் சாயும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பார்வை ஏழெட்டு மீட்டர் தள்ளி, டயர்மேல் அல்ல.

ஏறும்போது வீல் பின்னால் வந்து முழங்காலுக்குக் கீழே இடிக்கிறது. (தேவிபட்டினம்)

பின் பெடலை அழுத்துகிறீர்கள். உங்கள் பக்கம் உள்ள பெடல் கடிகாரத்து நாலு மணி முள் போலச் சற்றே தாழ்ந்திருக்கட்டும். சீட்டைக் கவட்டிக்குள் வைத்து அதில் சாய்ந்துகொண்டே, மற்றக் காலால் தரையை உந்தி முன் பெடலுக்குப் போங்கள். பின் பெடலில் கால் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முதல் வாரம் வீலுக்குப் பின்னால் ஒரு செங்கல் வையுங்கள்.

வாரம் இரண்டு பஞ்சர். (உச்சிப்புளி)

சீமைக்கருவேல முள் இருக்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி, வால்வை நீக்கி, டயருக்கும் டியூப்புக்கும் நடுவில் பட்டையாக வையுங்கள். ஒட்டுப் போட்ட பிறகு டயரின் உட்புறத்தில் பஞ்சைத் தடவுங்கள். ஒடிந்த முள் நுனி இருந்தால் பஞ்சு சிக்கும். கடைக்காரர் இதை விடுவதால்தான் அதே இடத்தில் மறுபடி ஓட்டை. 20x1.95 டியூப் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் அதுதான், எங்கும் கிடைக்கும். காற்று 35, 40 பி.எஸ்.ஐ.

ஏழு வயதுப் பையனுக்கு? (ஏர்வாடி)

16 அங்குலம். பிளாஸ்டிக் பெடல். மணிக்கட்டுக் காப்பு. அப்பா கையைப் பிடித்து இழுக்காமல், தோளை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்கட்டும். பிடிப்பதும் விடுவதும் பையன் வேலை.

ஒரு மாதமாக ஓட்டுகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகலாமா? (ராமேஸ்வரம்)

பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 20 அங்குல வீல் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் போகும். போக மட்டும் ஆறாயிரத்துச் சொச்சம் சுற்று. இறக்கமில்லை, கால் ஓய இடமில்லை. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்த ரோட்டில் அது குறுக்கே வரும், மணலையும் தார்மேல் இறைத்துவிட்டுப் போகும். மெலிசாகப் பரவிய மணலில் திரும்பினால் வீல் வழுக்கும். காற்று அடங்கிய மாதத்தில், விடிகாலையில், வேன்கள் வருமுன் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். பாம்பன் ரோட்டுப் பாலம் எந்த மாதத்திலும் வேண்டாம். வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஸ்போக்குகளைத் துடைத்து, துளி எண்ணெய் தடவுங்கள்.

கைலி கட்டிக்கொண்டு ஓட்டலாமா? (வாலிநோக்கம்)

கூடாது. ஷூ லேஸ் நுனியையும் உள்ளே செருகுங்கள்.