“அண்ணன்” என்று ஒரே ஒரு இடத்தில்

அன்புள்ள ஐயா,

எனக்குத் திருமங்கலம். இரட்சிக்கப்பட்டு ஆறு வருஷம் ஆகிறது, அதற்கு முன்னால் நானும் குடித்தவன்தான். இப்போது வெள்ளிக்கிழமை உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகம் எதையும் தவறவிடுவதில்லை. மேலூரில் இருக்கும் என் அண்ணன் இன்னும் திருந்தவில்லை. அந்த மனுஷன் வீட்டு வாசலை நான் மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. மகளின் ஞானஸ்நான விருந்துக்கும் அந்த மனுஷனைக் கூப்பிடவில்லை. அம்மா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்கள். அந்த மனுஷனுக்காக ஜெபிக்கத்தான் செய்கிறேன். பாவத்தை வெறுப்பது தப்பா?

அன்புள்ள தம்பிக்கு,

குடியை விட்டு ஆறு வருஷம் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை, அதற்காக மனசாரச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் “அண்ணன்” ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, மற்றபடி எல்லாம் “அந்த மனுஷன்”. லூக்கா 15-இல், கெட்டுப்போய்த் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கும்போது, மூத்த மகனுக்கும் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை, தகப்பனிடம் “உம்முடைய குமாரனாகிய இவன்” என்கிறான். அவரோ “உன் சகோதரனாகிய இவனோ” என்று அந்த உறவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார்.

அதே லூக்கா 18-ஆம் அதிகாரத்தில், மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிற ஒரு பரிசேயனும் ஒரு ஆயக்காரனும் ஜெபிக்கத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். தன் உபவாசத்தைச் சொல்லி ஜெபித்த அந்தப் பரிசேயனும் பொய் சொல்லவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டாயமாகக் கேட்டது வருஷத்தில் ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள் உபவாசம்தான். இவன் வாரத்துக்கு இரண்டு தரம் இருந்தான். ஆயக்காரர்களோ ரோமனுக்கு வரி வசூலித்துச் சொந்த ஜனத்தின் வயிற்றில் அடித்த கூட்டம், ஊர் அவர்களை வெறுத்ததில் நியாயம் இருந்தது. அப்படியும் நீதிமானாக வீடு திரும்பினது ஆயக்காரன்தான். பரிசேயன் கெட்டது உபவாசத்தில் இல்லை, “இந்த ஆயக்காரனைப்போலவும்” என்று ஜெபத்துக்கு நடுவில் திரும்பிப் பார்த்தானே, அங்கேதான்.

நானும் அப்படித் திரும்பிப் பார்த்தவன். நரிமேட்டில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், “ஆண்டவரே, குடிக்கு அடிமையாகிவிட்ட இந்த வீட்டுப் பிள்ளையை” என்று குரலை உயர்த்தி ஜெபித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அந்தப் பையன் எங்களுக்காகக் காபித் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படி நிலையில் நின்றிருந்தான், டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. தட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனவன், நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. அவனுக்காக ஜெபித்ததாகத்தான் அன்றைக்கு நான் நினைத்தேன். உண்மையில் ஆண்டவரிடம் அவனைக் கோள் சொல்லியிருக்கிறேன்.

குடியைச் சரி என்று சொல்லச் சொல்லவில்லை, அந்த வீட்டில் அண்ணி படும் பாடும் எனக்குப் புரிகிறது. ஆனால் இயேசு கால் கழுவிய ராத்திரி யூதாஸ் எழுந்து போனது அதற்கு அப்புறம்தான், அவன் காலையும் சேர்த்தே கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிறவன் என்று தெரிந்தேதான் கழுவினார்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுங்கள். சுவிசேஷக் கைப்பிரதி எதுவும் வேண்டாம், அண்ணி என்ன சமைத்திருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஜெபிக்கவேண்டும் என்று தோன்றினால், “ஆண்டவரே, எங்கள் இரண்டு பேர்மேலும் கிருபையாயிரும்” என்று மட்டும் சொல்லுங்கள், அதுவும் அண்ணன் சரி என்றால்.