அக்ராவில் பதிந்த பெயரை இன்னொருவர் வர்த்தக முத்திரையாகப் பதிந்துவிட்டார், என்ன செய்வது?

கேள்வி: 2017ல் சிங்கப்பூரில், ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, மீன்குழம்பு மசாலா அரைத்து 'தாழ்வாரம்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினேன். 2019ல் அந்தப் பெயரை வணிகப் பெயர்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிந்து, தேக்கா பக்கம் சின்னதாகக் கடை எடுத்தேன். 2020 முதல் ஒருவர் எங்களிடம் சரக்கு எடுத்துக் கடைகளுக்குப் போட்டுவந்தார். கணக்கில் மனத்தாங்கல் வந்து 2023ல் பிரிந்தோம். போன வாரம் அவருடைய வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. 'தாழ்வாரம்' அவருடைய பதிவுபெற்ற வர்த்தக முத்திரையாம். 14 நாளில் பெயரை நிறுத்தி, 20,000 வெள்ளி தர வேண்டுமாம். எங்கள் பொடியை விற்கும் இரண்டு கடைகளுக்கும் இதே மாதிரி கடிதம் போயிருக்கிறது. பெயரை மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். நாமும் பாக்கெட்டில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுக்கொள்ளலாம் என்கிறார் உறவினர் ஒருவர். அக்ரா பதிவுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: வணக்கம் சகோதரி. இப்போதைக்குப் பெயரை மாற்றாதீர்கள். அந்த வட்ட 'ஆர்' குறியையும் போடாதீர்கள். இங்கே பதிவாகாத முத்திரையைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது எதிராளி கையில் ஏன் ஒரு ஆயுதத்தைக் கொடுக்க வேண்டும்? 'இது என் வர்த்தக முத்திரை' என்று மட்டும் சொல்லும் 'டிஎம்' என்ற இரண்டு எழுத்தைப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்ரா பற்றிய கேள்விக்கு வருகிறேன். அக்ரா பதிவு நீங்கள் எந்தப் பெயரில் தொழில் செய்கிறீர்கள் என்பதற்கான பதிவு, அவ்வளவுதான். அந்தப் பெயரைப் பொருளின் மேல் போட்டு விற்கும் உரிமையை அது உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிக் கொடுப்பதில்லை. அந்த உரிமையைத் தருவது வர்த்தக முத்திரைச் சட்டம். அதற்கான பதிவேட்டை வைத்திருப்பது ஐபோஸ் என்று நாம் சொல்லும் அறிவுசார் சொத்து அலுவலகம். நம் கடைக்காரர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருக்கிறார்கள். பெயரைக் கட்டணம் கட்டிப் பதிந்தாயிற்று, இனி அது நம்முடையது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அதற்காக உங்கள் அக்ரா ஆவணம் வீண் என்று அர்த்தமில்லை. 2019லேயே அந்தப் பெயரில் தொழில் நடந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

நீங்கள் அனுப்பிய கடித நகலில் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். அதில் உள்ள பதிவு எண் 402024 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கம் 40, அடுத்த நான்கு இலக்கம் விண்ணப்பித்த ஆண்டு. அதாவது உங்களைவிட்டுப் போன பிறகு, 2024ல்தான் அவர் விண்ணப்பித்திருக்கிறார். அந்த எண்ணை ஐபோஸ் இணையத் தேடலில் போட்டால் சரியான தேதியும், எந்தப் பொருள் வகுப்பில் பதிவு, இப்போது என்ன நிலை என்பதும் இலவசமாகவே தெரியும். விண்ணப்பம் ஐபோஸின் முத்திரை இதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம், கேட்டால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிப்பும் கிடைக்கும். உங்களுக்கு அந்த வாய்ப்பு தெரியாமலேயே கடந்துபோயிருக்கிறது. வருத்தம்தான், ஆனால் அதோடு எல்லாக் கதவும் மூடிவிடவில்லை.

வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 28(2) பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. பதிவு செய்தவர் அந்த முத்திரையை முதலில் பயன்படுத்திய நாள், அவருடைய பதிவு நாள், இந்த இரண்டில் எது முந்தையதோ அதற்கும் முன்பிருந்தே ஒருவர் அதே பெயரைத் தொடர்ந்து வியாபாரத்தில் பயன்படுத்தி வந்தால், அது அத்துமீறல் ஆகாது. நீங்கள் 2017 முதல் விடாமல் விற்கிறீர்கள். 2020க்குப் பிறகு அவர் கடைகளுக்குப் போட்டதும் உங்கள் பொடியைத்தான், உங்கள் பாக்கெட்டில்தான். ஆகவே 20,000 வெள்ளிக் கோரிக்கைக்கு இதுவே நேரடியான பதில்.

ஆனால் 28(2) ஒரு கேடயம் மட்டுமே. இத்தனை ஆண்டு விற்றுவந்த பொருள்களுக்கு அது காவல். நாளைக்கு அதே பெயரில் ஊறுகாயோ தோசை மாவோ போட நினைத்தால், அந்தக் காவல் அதுவரைக்கும் நீளும் என்று நம்பி இறங்க முடியாது. அவருடைய பதிவும் பதிவேட்டில் அப்படியே இருக்கும். அதனால்தான் அந்தப் பதிவையே செல்லாததாக்கக் கேளுங்கள் என்கிறேன். 23ஆம் பிரிவின்படி அதற்கு மனுப் போடலாம். மனு வென்றால், அந்தப் பதிவு முதலிலிருந்தே இல்லாதது போல் ஆகிவிடும்.

மனுவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, 7(6) பிரிவில் உள்ள தீய நோக்கம். விண்ணப்பித்த நாளில் அவருக்கு என்ன தெரியும், தெரிந்தும் அவர் செய்ததை நேர்மையான வணிகர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று பார்ப்பார்கள். இது கனமான குற்றச்சாட்டு, நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். ஊகத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் இதை எளிதில் ஏற்காது. ஆனால் உங்களிடம் இருப்பது ஊகம் இல்லை. நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களில் ஒன்றில் அவரே எழுதியிருக்கிறார்: 'அக்கா, உங்க தாழ்வாரம் சாம்பார் 40 பாக்கெட் நாளைக்கு வேணும்.' அந்த 'உங்க' என்ற ஒரு சொல்லை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். பெயர் யாருடையது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாவது காரணம், ஆள்மாறாட்ட வணிகம் என்ற பொதுச் சட்ட உரிமை. 8(7) பிரிவு வழியாக அதையும் மனுவில் சேர்க்கலாம். இதற்கு மூன்று விஷயம் காட்ட வேண்டும். உங்கள் பெயருக்கு இங்கே வாடிக்கையாளர் மத்தியில் நற்பெயர் இருந்தது, அவருடைய பொருளை உங்களுடையது என்று மக்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் உங்களுக்கு நட்டம் வரும். பெரிய நிறுவனமாக இருந்தால்தான் நற்பெயர் என்பதில்லை. ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து வாங்கும் குடும்பங்கள் இருந்தாலும் அது நற்பெயர்தான். மாதாமாதம் வாங்கும் நான்கைந்து வாடிக்கையாளர்கள் உறுதிமொழி தந்தால் மிகவும் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் பாக்கெட்டில் ஆங்கில எழுத்தில் 'ழ'வுக்கு இசட்-எச் இருக்கிறது, அவர் பதிந்ததில் எல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு பெயர் என்று பதில் எழுதிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எழுதாதீர்கள். பார்வை, ஒலி, பொருள் என்ற மூன்றையும் வைத்துத்தான் முத்திரைகளை ஒப்பிடுவார்கள். 'ஸ்டேவெல்' வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கிய முறை அதுதான். ஒலியிலும் பொருளிலும் இரண்டும் ஒன்றே. அதைவிட முக்கியம், இரண்டும் வேறு என்று இன்று நீங்கள் எழுதிக்கொடுத்தால், அது என் பெயர் என்று நாளை எப்படி மனுப் போடுவீர்கள்?

அப்புறம், அந்த இரண்டு கடைகள். 35ஆம் பிரிவின்படி, அடிப்படை இல்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், பாதிக்கப்பட்டவர் எதிர்த்து வழக்குப் போடலாம். பெயரைப் பாக்கெட்டில் அச்சடிப்பவரை மிரட்டுவது இந்தப் பிரிவுக்குள் வராது, அதனால் உங்களுக்கு வந்த கடிதத்துக்கு இது பொருந்தாது. கடைக்காரர்களோ வெறுமனே வாங்கி விற்பவர்கள். அவர்களுக்குப் போன கடிதம் அவர்களை மட்டும் பாதிக்கவில்லை, உங்கள் வியாபாரத்தையும் பாதிக்கிறது. அந்த நகல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். உங்கள் பதில் கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டாலே அடுத்த கடைக்குக் கடிதம் போகாமல் இருக்க வாய்ப்புண்டு.

பதிலை 14 நாளுக்குள் ஒரு வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். பிரிந்துபோன அந்த ஆளுக்கு நேரடியாகக் கோபத்தில் வாட்ஸ்அப் போட வேண்டாம். கடிதத்துடன் வந்த உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அதில் கையெழுத்திட்டு வந்தவர்களைப் பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். செல்லாததாக்கும் மனுவை ஐபோஸிலேயே போடலாம், நீதிமன்றத்தைவிட செலவு குறைவு. அவர் அதற்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இந்தக் கோரிக்கையையும் அங்கேயே வைக்க வேண்டும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் ஐந்து லட்சம் வெள்ளிக்கு உட்பட்ட அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு எளிமையான தனி வழி ஒன்று இருக்கிறது. மனுவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பதிந்த முத்திரையை அவர் பயன்படுத்துவது தெரிந்தும் தொடர்ந்து ஐந்து ஆண்டு சும்மா இருந்தால், முந்தைய உரிமையைச் சொல்லி எதிர்க்கும் வழி அடைபடலாம்.

கூடவே உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். அவருடைய பதிவைக் காட்டி அதிகாரி ஆட்சேபிப்பார், மனு முடியும் வரை அது காத்திருக்கும், சரி. மசாலாப் பொடிக்கு வகுப்பு 30. ஊறுகாய் எண்ணம் இருந்தால் 29. கட்டணம் வகுப்புக் கணக்கில் என்பதால் வேண்டாத வகுப்புகளைச் சேர்க்காதீர்கள். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என்று இரண்டையும் காப்பாற்றுங்கள். தமிழ் எழுத்துக்கு ஒலிபெயர்ப்பும் பொருளும் கேட்பார்கள். தாழ்வாரத்துக்கும் மசாலாவுக்கும் தொடர்பில்லை என்பது இங்கே உங்களுக்கு நல்லது. 'சுவை', 'காரம்' போன்ற பெயர் வைத்திருந்தால் பொருளை வருணிக்கும் சொல் என்று சிக்கல் வந்திருக்கும். உங்களுடையது தனிநபர் வணிகம் என்றால் கடைப் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, உங்கள் சொந்தப் பெயரில்தான். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஜொகூருக்கும் சரக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இங்குள்ள பதிவு அங்கே செல்லாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் முத்திரை பதியக் கேட்கும் மெட்ரிட் ஏற்பாட்டில் மலேசியா 2019 டிசம்பர் முதல் இருக்கிறது, இங்கிருந்தே அங்கேயும் விண்ணப்பிக்கலாம். அவர் அங்கேயும் பதிந்திருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: 2017லிருந்து கையால் எழுதிய பில் புத்தகங்கள், அச்சகத்தின் பாக்கெட் ரசீதுகள், தீபாவளிச் சந்தையில் போட்ட கடையின் வாடகைச் சீட்டு, ஃபேஸ்புக்கில் தேதியோடு உள்ள பழைய படங்கள். அந்த எதிராளியுடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை முழுவதும் ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். அது இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். ஈசூன் வீட்டில் ஒட்டிய முதல் லேபிளில் ஒன்று இன்னும் டப்பா அடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். டப்பாவோடு எடுத்துப் போங்கள், உரிக்காதீர்கள்.