அந்த நீலக் குல்லா

கேள்வி: நீலகிரியில் நடமாடும் தடய அறிவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. போன மார்கழியில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போனோம். குளிருக்குக் கரி மூட்டி, கதவை அடைத்துத் தூங்கிய குடும்பம். குழந்தையின் நீலக் குல்லாவை உறையில் போட்டு அரக்கு வைத்தது நான்தான். என் மகளிடமும் அதே மாதிரி குல்லா இருக்கிறது. அன்றிலிருந்து ராத்திரி மூன்று முறை எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன். வீட்டில் சண்டை. "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள் ஆபீசில். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா? ராஜினாமா செய்துவிடவா?
- பெயர் வேண்டாம், ஊட்டி

பதில்: சகோதரி, ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதாதீர்கள். இத்தனை மாதம் சரியாகத் தூங்காத உடம்போடு எடுக்கிற முடிவு அது.

லாயக்கில்லாதவர் அந்தக் குல்லாவை ஒழுங்காக உறையிலிட்டு முத்திரை வைத்திருக்க மாட்டார். கை பழகியிருக்கிறது, மூக்கும் பழகியிருக்கும். மனசு அப்படிப் பழகுவதில்லை. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் பாதிப்பைச் சொல்லும் இடத்தில், மனித உடலின் எச்சங்களைச் சேகரிக்கும் பணியாளர்களையே உதாரணமாகக் காட்டுகிறது. உங்களுக்கு வந்திருப்பது அதுதானா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் விடாதது தானாகப் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஊட்டி சின்ன ஊர். மனநலப் பிரிவு வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. முதலில் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போனாலும், சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமில்லாமல் விஷயம் வெளியே போகக் கூடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல் என்று ஆபீசில் யாராவது நெருக்கினால் மறுத்துவிடுங்கள். அப்படி உடனடியாகக் கொட்டவைப்பது இந்தப் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மேலதிகாரியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தை இறந்த இடங்களுக்கு ஒருவரையே அனுப்பாமல் முறை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போயாக வேண்டும். மாநிலங்கள் அதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். வேலை இனிமேல் கூடும், குறையாது. ஆகவே இதைச் சலுகையாக நினைத்துக் கூசாமல் கேளுங்கள். படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும்போது திரையில் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், தேவையான இடத்தை மட்டும் பெரிதாக்குங்கள். வீட்டுக்குக் கிளம்பும் கடைசி அரை மணியில் அந்த ஃபைலைத் தொடாதீர்கள்.

ஜன்னலுக்கு வருகிறேன். மூடிய அறையில் கரி எரியும்போது சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மனசு காவல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, அது பைத்தியமல்ல. இதை உங்கள் கணவர் படிக்க வேண்டும். படுக்கும் அறையில் கரி கூடவே கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். தூங்கப் போகுமுன் இருவருமாக ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விழிப்பு வந்தால், அவர் சத்தம் போடாமல் "நான் பார்த்துட்டேன், படு" என்று சொல்லட்டும்.

மகளின் குல்லாவை எறிந்துவிடாதீர்கள். அலமாரியில் இருக்கட்டும். அதை எப்போது எடுப்பது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். அதுவரை குழந்தைக்கு வேறு நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.