மாமனார் விட்டுச்சென்ற பச்சை எஞ்சினுக்குப் புது வண்ணம் பூசலாமா?

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மாமனார் ஜோலார்பேட்டையில் ரயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்திய நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று பரணில் கிடைத்தது. கனமான உலோகம், பச்சை நிறம், பக்கவாட்டில் 46232 என்ற எண்ணும் 'டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ்' என்ற பெயரும் உள்ளன. மூன்று கம்பிகள் கொண்ட தண்டவாளத் துண்டுகளும் உடன் இருக்கின்றன. கடையில் வாங்கிய 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால் உறுமுகிறதே தவிர நகரவில்லை, சூடாகிறது. வண்ணம் ஆங்காங்கே உதிர்ந்து, மெல்லிய விரிசல்களும் தெரிகின்றன. வேலூரில் ஒரு பட்டறைக்காரர் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, பவுடர் கோட்டிங் போட்டுப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? எஞ்சினை மறுபடி ஓட வைக்க முடியுமா? இதற்கு என்ன மதிப்பு இருக்கும்?"

பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரையும் இனி இணைக்க வேண்டாம். எஞ்சின் மறுபடி ஓடுவதற்கு நல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்கு வேண்டியது பொறுமையும், எளிதில் கிடைக்கும் இரண்டு மூன்று பொருள்களும்தான்.

உங்களிடம் இருப்பது ஹார்ன்பி டப்ளோ வரிசையைச் சேர்ந்த எஞ்சின். துளையிட்ட உலோகப் பட்டைகளைப் பூட்டிக் கட்டும் விளையாட்டுப் பொருளான மெக்கானோவைக் கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் இதைச் செய்தது. சாவி கொடுத்து ஓடும் பெரிய அளவு ரயில்களை 1920இல் தொடங்கிய அந்நிறுவனம், வீட்டு மேசைமீதே வைத்து ஓட்டக்கூடிய சிறிய அளவான டப்ளோவை 1938இல் கொண்டுவந்தது. நிஜ எஞ்சினின் ஓர் அடி இதில் 4 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். உங்கள் எஞ்சினில் இருக்கும் பச்சை, பிரிட்டிஷ் ரயில்வேயின் நிறம். அந்நிறுவனத்தின் நிறத்தில் டப்ளோ எஞ்சின்கள் வரத் தொடங்கியது 1953இல் என்பதால், உங்களுடையது அந்த ஆண்டையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது. 1964இல் மெக்கானோ நிறுவனம் லைன்ஸ் பிரதர்ஸ் என்ற மற்றொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனதும் டப்ளோ உற்பத்தி முடிவுக்கு வந்தது. இதன் மூலமான நிஜ எஞ்சின் வில்லியம் ஸ்டேனியர் வடிவமைத்து, 1938இல் குரூ பணிமனையில் கட்டப்பட்ட நீராவி எஞ்சின். வாழ்நாள் முழுவதும் எஞ்சின் ஓட்டிய ஒருவரிடம் அதன் மாதிரி வந்து சேர்ந்தது பொருத்தமானதுதான்.

இப்போது உறுமலுக்கு வருவோம். கடையில் விற்கும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்குமே தவிர, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றாது. உங்கள் எஞ்சினுக்குள் இருப்பதோ நிலைக்காந்தம் வைத்த மோட்டார். அதற்கு 12 வோல்ட் நேர்மின்னோட்டம், அதாவது டிசி, வேண்டும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் மின்னோட்டத்தின் திசை நொடிக்கு நூறு முறை மாறுகிறது. மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் ஒரு பக்கம் திரும்ப முனைவதற்குள் எதிர்ப்பக்கம் இழுக்கப்பட்டு, நின்ற இடத்திலேயே அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நீங்கள் கேட்ட உறுமல். அப்படியே விட்டால் செம்புச் சுருளின் காப்புப் பூச்சு கருகிவிடும், காந்தமும் வலுவிழக்கக்கூடும். ஆகவே எஞ்சின் பழுதாகிவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை. பழைய பெட்டியோடு அந்தக் காலத்து மின்கட்டுப்பாட்டுக் கருவி ஏதேனும் இருந்தால் அதைச் சுவர் பிளக்கில் செருகிவிடாதீர்கள். அதன் ரப்பர் காப்பு இத்தனை ஆண்டுகளில் பொடிந்து போயிருக்கும். காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சோதனைக்கு மிகவும் பாதுகாப்பான கருவி, மொபைல் போன் பழுதுபார்க்கும் கடைகளில் மேசைமேல் இருக்கும் டிசி பவர் சப்ளை. அதில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதோடு, மின்னோட்டத்துக்கு ஓர் உச்சவரம்பும் வைக்கலாம். தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு உச்சவரம்பை 1 ஆம்பியரில் வைத்து, ஒரு கம்பியை எஞ்சினின் சக்கரத்திலும், மற்றொன்றை அடிப்பக்கத்தில் தண்டவாளத்தின் நடுக்கம்பியைத் தொடுவதற்காக இருக்கும் உலோகப் பட்டையிலும் வைத்து, 3 வோல்ட்டிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஆனால் இதைச் சுத்தம் செய்த பிறகுதான் செய்ய வேண்டும். பல்லாண்டு கிடந்த எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். அந்த நிலையில் மின்சாரம் கொடுப்பது, இறுகிய மோட்டாரைக் கட்டாயப்படுத்தி எரிப்பதற்கு ஒப்பாகும்.

சுத்தம் செய்யும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது, சக்கரங்களைக் கையால் திருகிப் பார்க்கக் கூடாது என்பது. மோட்டாரின் தண்டிலுள்ள, திருகு வடிவிலான வார்ம் கியர், சக்கரத்தின் பல்சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தைத் திருப்பி வார்மைச் சுழற்ற முடியாது. வலிந்து திருகினால் பல் உடையும், அல்லது சக்கரம் அச்சிலிருந்து நழுவும். மேற்கூட்டைப் பிடித்திருக்கும் திருகைச் சரியான அளவுள்ள திருப்புளியால் கழற்றி, கூட்டை மேலே தூக்கி எடுத்தபின், ஆர்மேச்சரையே விரல் நுனியால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கனமாகத் திரும்பினால் தண்டின் இரு முனைகளிலும் வார்ம் கியரிலும் மொபைல் கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு வையுங்கள். வண்ணத்தின்மேல் பட விடாதீர்கள். பழுப்பு நிறத்தில் கரைந்து வருவதுதான் பழைய எண்ணெய். ஆர்மேச்சர் சுருளுக்கு மின்சாரத்தை வாங்கித் தரும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கறுத்திருக்கும், அதையும் அப்படியே துடைத்து, அதன் மூன்று செம்புத் துண்டுகளுக்கும் இடையே உள்ள பள்ளங்களில் அடைந்த கரித்தூளை மரப் பல்குச்சியால் கீறி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் பொடி பள்ளத்தில் தங்கித் துண்டுகளையும், அவற்றைத் தொட்டு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்ஷையும் அரிக்கும். மல்ட்டிமீட்டர் இருந்தால், அடுத்தடுத்த செம்புத் துண்டுகளுக்கிடையே மின்தடையை அளந்து பாருங்கள். மூன்று அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுருள் நலமாக இருக்கிறது. ஒன்று மட்டும் வெகுவாக மாறுபட்டால் ஆர்மேச்சரை மறுபடி சுற்ற வேண்டியிருக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். டப்ளோ எஞ்சின்களுக்கான பிரஷ்ஷுகளை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பிறகு தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, தண்டு சுழலும் இடங்களில் ஒரு துளி மட்டும் வைக்கவும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் பிசினாகும். கம்யூட்டேட்டரில் எண்ணெய் படக் கூடாது.

காந்தத்தைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். அந்தக் காலத்துக் காந்தம், ஆர்மேச்சரும் இரும்புத் துருவங்களும் சூழ்ந்திருக்கும்வரைதான் வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும். கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், அதன் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்தபடியே எடுக்க வேண்டும். ஆர்மேச்சரை வெளியே எடுக்கும்போதும் இதே கவனம் தேவை. காந்தம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு: எஞ்சினைத் தூக்கிப் பிடித்தால் சக்கரம் வேகமாகச் சுழலும், தண்டவாளத்தில் இறக்கினால் இழுவை இராது, மின்னோட்டம் அதிகம் வாங்கிச் சூடாகும். அப்போது காந்தத்துக்கு மறுபடி வலுவேற்றும் கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்து, நீங்கள் குறிப்பிட்ட விரிசல்கள். என்னைச் சற்றுக் கவலைப்படுத்துவது அதுதான். எஞ்சினின் உடல் மசாக் எனப்படும் துத்தநாகக் கலப்பு உலோகத்தால் வார்க்கப்பட்டது; துத்தநாகத்தோடு ஏறத்தாழ நான்கு சதவீதம் அலுமினியமும் சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்ந்தது. துத்தநாகம் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். ஈயம் சிறிது கலந்துவிட்டாலும், ஈரப்பதம் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே புகுந்து உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வார்ப்பு வீங்கும், வளையும், ஏரி வண்டல் காய்ந்து பிளந்ததுபோல் வலைவலையாய் விரிசல் விடும், கடைசியில் விரல் பட்டாலே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்தவற்றில் இது மிகுதி. 1950களின் வார்ப்புகளில் குறைவு. இதற்கு மருந்தில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் என்று சிலர் அஞ்சுவது வீண். அது வார்க்கும்போதே உள்ளே புகுந்துவிட்ட குறை.

ஆகவே பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸால் பாருங்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தின் ஓரத்தில், விரிசல் வண்ணத்தோடு நின்று அடியிலுள்ள சாம்பல் நிற உலோகம் வழவழப்பாக இருந்தால் அது வண்ணத்தின் மூப்பு மட்டுமே. விரிசல் கோடு உலோகத்துக்குள்ளும் தொடர்ந்து, நகத்தால் வருடும்போது ஓரம் தட்டுப்பட்டால், அல்லது எஞ்சினைக் கண்ணாடிப் பலகைமேல் வைக்கும்போது அடிப்பாகம் வளைந்து சக்கரங்கள் சமமாகப் படியாவிட்டால், உலோகமே கெட்டிருக்கிறது. அப்போது ஓட வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அழுத்தம் படாமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவதே சரி.

பட்டறைக்காரர் சொன்ன வேலை இந்த உலோகத்துக்கு ஏன் ஆகாது என்பதும் இதிலிருந்து விளங்கும். பைக் சக்கரத்துக்கும் கேட்டுக்கும் பவுடர் கோட்டிங் அருமையான பூச்சுதான். ஆனால் அதை இறுக்க ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துத்தநாக வார்ப்புக்குள் சிக்கிய காற்று வெளியேறிப் பூச்சில் கொப்புளங்களை எழுப்பும். சாண்ட் பிளாஸ்டிங் எனும் மணல் வீச்சோ, அச்சில் நுணுக்கமாக வார்த்திருக்கும் ரிவெட் தலைகளையும் குழாய்களையும் மழுக்கிவிடும். பூச்சும் தடிமனானது, எஞ்சியிருக்கும் நுணுக்கத்தையும் மூடிவிடும். பக்கவாட்டு எண்ணும் ஓரக் கோடுகளும் மெல்லிய படல ஒட்டுகள். அவை போனால் போனவைதான், மறுபதிப்பு கிடைத்தாலும் அசலாகாது. உதிர்ந்த வண்ணத்தோடு இருக்கும் அசல் எஞ்சினையே சேகரிப்பாளர்கள் நாடுவார்கள். பளபளப்பாக மறுவண்ணம் பூசியதற்கு மதிப்புக் குறைவு. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உப்புத்தாளால் தேய்த்து வீட்டில் தூசி கிளப்புவதும் குழந்தைகளுக்கு ஆகாது.

வெளிப்புறத்தைத் துடைக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, எண்ணையும் கோடுகளையும் தவிர்த்து மெல்ல உருட்டினால் போதும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர் வண்ணத்தையே கரைத்துவிடும். வீட்டில் பெரியவர்கள் பித்தளைக் குத்துவிளக்கு நினைவில் புளி போட்டுத் தேய்க்கச் சொல்லலாம், அன்போடு தடுத்துவிடுங்கள். புளியும் எலுமிச்சையும் அமிலம், துத்தநாகத்தை அரிக்கும்.

மாமனாரின் பரணுக்கு அது மறுபடி போக வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரியில், கான்கிரீட் தளத்தின் அடியிலுள்ள பரண் அடுப்பாகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் அதே இடம் ஈரமாகிறது. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வருவதுதான் துத்தநாக வார்ப்புக்கு மிகக் கெடுதல். கீழ்த்தளத்தில் வெளிச்சுவர் ஒட்டாத இரும்புப் பீரோவில், துவைத்துக் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஸ்பாஞ்ச் வேண்டாம், அது நாளடைவில் உருகி வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். புதிய பிளைவுட் பெட்டியும் வேண்டாம். அதிலிருந்து கசியும் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும்.

இன்றைய இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வைத்து ஓட்ட முயலாதீர்கள். அகலம் ஒன்றே என்றாலும், உங்கள் எஞ்சினின் சக்கரங்கள் இருபக்கமும் மின்காப்பு இல்லாதவை. வைத்தவுடன் ஷார்ட் ஆகும். உடனிருக்கும் மூன்று கம்பித் துண்டுகளே வட்டம் அமைக்கப் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் பழைய டப்ளோ துண்டுகள் அதிகச் செலவில்லாமல் வெளிநாட்டில் கிடைக்கும், அஞ்சல் கூலியும் சுங்க வரியும்தான் கனக்கும்.

மதிப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டச்சஸ் ஆஃப் மாண்ட்ரோஸ் ஏராளமாக விற்ற எஞ்சின். அரியதல்ல, வீடு கட்டும் அளவுக்குப் பணம் வராது. போருக்கு முந்தைய டப்ளோக்களும், இதே வார்ப்பில் கனடியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் நிறத்தில் 1215 என்ற எண்ணோடு வந்ததும்தான் தேடப்படுபவை. அதனாலேயே, சாதாரண டச்சஸ்ஸுக்கு மறுவண்ணம் பூசி அதுவென்று விற்பவர்களிடம் நீங்கள் எப்போதாவது வாங்க நேர்ந்தால் விழிப்பாக இருங்கள்; திருகின் பள்ளத்திலும் கூட்டின் உட்புறத்திலும் புது வண்ணம் தெரிந்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. உங்களுடையதற்கு மதிப்பைக் கூட்டுபவை அசல் அட்டைப்பெட்டி, உள்ளிருக்கும் தடுப்பு அட்டைகள், விளக்கத் தாள், எஞ்சினின் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியான டெண்டர் ஆகியவை. பெட்டி கிழிந்திருந்தாலும் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, மாமனாருக்கு அது யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்று வீட்டில் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். விற்பதானாலும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும் அந்தத் தாள் எஞ்சினோடு போக வேண்டும்.