ரேக்ளா எருதுக்கும் ஹோமர் புறாவுக்கும் ஒரே தீனியா?

காங்கேயம் பக்கம் 30 வருசம் மாட்டு வைத்தியம் பார்த்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். இந்த முறை எல்லோருமே கொழுப்பைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள்.

தாராபுரம்: ரேக்ளா எருதுக்கு ரெண்டு மாசமாப் பருத்திக்கொட்டை சேத்தி ஆட்டி வெக்கறேனுங்க டாக்டர். ஓட்டத்துக்கு ஒதவுமுங்களா?

உடம்பு தேறும். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்துக்குப் பருத்திக்கொட்டையில் இருக்கும் கொழுப்பால் பெரிய பயன் இல்லை. அரை நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டத்தில் செலவாவது தசைக்குள்ளேயே இருக்கும் உடனடிச் சக்திப் பொருளான கிரியேட்டின் பாஸ்பேட்டும், சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனும்தான். கொழுப்பு கிளம்பி வருவதற்குள் வண்டி கோட்டைத் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் விடிகாலையில் பூட்டி வெயில் ஏறும்வரை கவலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததே, அந்த எருதுக்குத்தான் கொழுப்பு கைகொடுத்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: தீனியின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க முடியாமல் திணறும். அப்புறம் தட்டுப்போரை அள்ளிப் போட்டும் பிரயோசனமில்லை.

பெருந்துறை: கொழுப்பு வர ஏனுங்க அத்தனை நேரம்? ரத்தத்துல கலந்து ஓடியாற வேண்டியதுதானே?

கலக்காது, அதுதான் சிக்கல். ரசத்தில் தாளித்துக் கொட்டிய எண்ணெய் மேலே மிதப்பதைப் பாருங்கள். ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். சர்க்கரை அதில் கரைந்து போய்விடும். கொழுப்புக்கு ஒவ்வொரு இடத்திலும் ஆள் துணை வேண்டும்.

சேமிப்பில் இருக்கும் கொழுப்பு என்பது ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பமிலங்கள். வேலை தொடங்கியதும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் தட்டி எழுப்ப, லிப்பேஸ் நொதிகள் மூன்றையும் கழற்றிவிடும். கழன்றவற்றை ரத்தத்தில் சுமப்பது அல்புமின் புரதம். தசைச் செல்லுக்குள் அதை இறக்கிவிட்டால் அங்கே இன்னொரு புரதம் வாங்கிக்கொள்ளும். கடைசியாக, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வாசல். நீளமான கொழுப்பமிலம் தனியாக உள்ளே போக முடியாது, கார்னிடின் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். (1905ல் இறைச்சிச் சாற்றில் கண்டுபிடித்த பொருள் இது. டானிக்காக விற்கிறார்கள். நல்ல மாடு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், காசைக் கரியாக்க வேண்டாம்.)

உள்ளே போனதும் இரண்டிரண்டு கார்பனாக நறுக்கு விழும். பாமிடிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தில் 16 கார்பன்: ஏழு வெட்டு, எட்டுத் துண்டு. எல்லாம் எரிந்து முடிந்தால் 106 ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் சக்திக் காசு). ஒரு குளுக்கோஸுக்கு 30, 32தான். ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் கொழுப்பிலிருந்து ஒன்றுகூடக் கிடைக்காது. சர்க்கரை மூச்சு முட்டும்போதும் கொஞ்சம் தரும்.

பல்லடம்: பிராய்லர் நெஞ்சுக்கறி வெளுப்பா இருக்குது, தொடை கருக்கலா இருக்குது. மருந்தாலயா?

மருந்தெல்லாம் இல்லை. கோழி நாளெல்லாம் நடக்கும், என்றைக்கோ ஒருநாள் படபடவென்று எழும்பும். நடக்கிற தொடையில் ஆக்சிஜன் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகம், கொழுப்பை எரிக்கும். நெஞ்சு கிளைக்கோஜனை நம்புவது. நாட்டுக்கோழியை அறுத்தாலும் அதேதான்.

ஈரோடு: ஹோமர் புறாவுக்குப் பந்தயத்துக்கு முன்னாடி நெலக்கடலை போடச் சொல்றாங்க. செரிதானுங்களா?

தூரப் பந்தயமென்றால் சரி, கிட்டத்துப் பந்தயத்துக்குக் கம்பும் மக்காச்சோளமும் போதும். புறாவின் நெஞ்சை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோழி மாதிரி வெளுப்பு இல்லை, அடர்சிவப்பு. பரோடா பல்கலைக்கழகத்தில் ஜே.சி. ஜார்ஜ் 1950களில் இதைத்தான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்: மெல்லிய சிவப்பு இழைகளில் கொழுப்பு, தடித்த வெள்ளை இழைகளில் கிளைக்கோஜன். விசுக்கென்று எழும்ப வெள்ளை, மணிக்கணக்கில் பறக்கச் சிவப்பு.

ஏன் கொழுப்பு? எடைக் கணக்கு. கிராமுக்கு 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4. அதிலும் ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சுமக்கும். பறக்கிற உயிருக்கு அது கட்டுப்படியாகாது. முழு மூச்சில் ஓடும் மாட்டுக்கு ரத்தம் கொண்டுவரும் கொழுப்பு போதவே போதாது. பறவைக்கு மட்டும் போதுகிறது. வலசைக் காலத்தில் பறவைகளின் நெஞ்சுத் தசைச் செல்லுக்குள், கொழுப்பமிலத்தை வாங்கிக்கொள்ளும் அந்தச் சுமைதூக்கிப் புரதம் பல மடங்கு பெருகும். 2022ல், பிறந்து ஐந்தே மாதமான பட்டைவால் மூக்கன் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இறங்காமல் கடந்தது. தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. நம் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வரும் வாத்துகளும் இதே எண்ணெயில்தான் வருகின்றன.

காங்கேயம்: காளையோட திமில் பூராவும் கொழுப்புத்தானே?

ஒட்டகத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் காளையின் திமில் பெரும்பாலும் தசை, ஊடே கொஞ்சம் கொழுப்பு.

அவினாசி: வெட்டுக்கிளிக்கு ரத்தமே வேற மாதிரியாமே, அது எப்படிப் பறக்குது?

முதல் அரைமணி நேரம் சர்க்கரை, பிறகு கொழுப்பு. அந்தக் கொழுப்பைச் சுமப்பது லிப்போபோரின் என்ற புரதம். பால் சொசைட்டி வண்டி கேனை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற மாதிரி, சரக்கைத் தசையில் கொடுத்துவிட்டு மறுநடைக்கு வந்துவிடும்.

சென்னிமலை: கறவை கன்னு போட்டுப் பதினஞ்சு நாளுங்க. தீனி எடுக்கமாட்டேங்குது, மூச்சுல ஒரு மாதிரி இனிச்ச வாசம்.

மற்றதை விட்டுவிட்டு இதைக் கவனியுங்கள். பாலுக்காக உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து ஈரலில் குவிந்து, கீட்டோன்களாக வெளியேறுகிறது. கீட்டோசிஸ் போலத் தெரிகிறது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். பொழுது சாயும்முன் பக்கத்து மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.