பரிசோதனைப் படங்களில் ‘பெண் பார்வை’ என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

பெண் இயக்கினாலே பெண் பார்வை வந்துவிடுமா, விதிகளே இல்லாத பரிசோதனை சினிமாவில் யார் எடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெண் எடுத்தாலே வந்துவிடாது, சரி. ஆனால் யார் எடுத்தால் என்ன என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கதை, நட்சத்திரம், வசூல் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சும்? எதைப் பார்க்கத் தகுந்ததாக அந்த ஆள் நினைக்கிறார், அதை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதுதான். அது அவரவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வருகிறது.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷாந்தல் அக்கர்மன் 1975இல் எடுத்த ‘ழான் தீல்மன்’ படத்தையே பாருங்கள். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. கணவனை இழந்த ஒரு பெண், வளர்ந்த மகன், மூன்று நாள் வீட்டு வேலை. பிழைப்புக்காக அவள் பாலியல் தொழில் செய்வதால் மதியத்தில் ஆண்கள் வந்துபோகிறார்கள். 201 நிமிடமும் கேமரா நகராது, க்ளோசப் கிடையாது. உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அந்த வேலைக்கு ஆகும் நேரம் முழுக்கப் பார்க்கிறோம். இரண்டாம் நாள் கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடக்கிறாள். அவ்வளவுதான் நடப்பது. ஆனால் முதல் நாளின் ஒழுங்கை அத்தனை நேரம் பார்த்துப் பழகிவிட்டதால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. மற்ற படங்களில் இந்த வேலைகளெல்லாம் எடிட்டிங்கில் போய்விடும். வெட்டி எறிவதையே படமாக எடுக்க, அந்த வேலைகளைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

இன்னொரு பக்கம், யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. பன்முகத்தன்மை பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். பரிசோதனைப் படங்களைச் சேகரித்துத் திரையிடும் நியூயார்க்கின் ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ் 1970களின் தொடக்கத்தில் ‘அவசியமான சினிமா’ என்று ஒரு பட்டியல் போட்டது. தேர்வுக் குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் ஆண்கள். மாயா டெரன், மேரி மென்கன் என்று அதிலுள்ள பெண்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கனவு போல நகரும் சர்ரியலிசப் படம் என்றதும் பலர் ஸ்பானிய இயக்குநர் லூயி புனுவல் 1929இல் எடுத்த ‘அன் ஷியன் அந்தாலூ’வைத்தான் சொல்வார்கள். பிரான்சின் பெண் இயக்குநர் ஜெர்மேன் துலாக்கின் ‘சிப்பியும் பாதிரியாரும்’ அதற்கு முந்தைய ஆண்டே திரைக்கு வந்துவிட்டது.

அக்கர்மனின் அதே படம், எக்காலத்துக்கும் சிறந்த படங்களை விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் பிரிட்டிஷ் பத்திரிகை ‘சைட் அண்ட் சவுண்ட்’டின் 2012 வாக்கெடுப்பில் முதல் முப்பதுக்குள்கூட இல்லை. 2022இல் முதலிடம். இடையில் படம் மாறவில்லை. எண்ணூற்றுச் சொச்சமாக இருந்த வாக்காளர்கள் 1,600க்கும் மேல் ஆனார்கள், பல நாடுகளிலிருந்தும் வந்தார்கள்.

அப்புறம், பெண் பார்வை என்பது ஒரே பார்வையும் இல்லை. வியட்நாமில் பிறந்த டிரின் மின்-ஹா செனகல் கிராமங்களில் எடுத்த ‘ரீஅசெம்ப்ளாஜ்’ (1982) படத்தில், இவர்களைப் பற்றிப் பேசப்போவதில்லை, இவர்களுக்கு அருகில் நின்று பேசுகிறேன் என்கிறார். சொன்னபடியே ஒலி திடீரென்று அறுந்து நிற்கிறது, விளக்கம் வரும் என்று காத்திருக்கும் இடத்தில் மௌனம்தான் வருகிறது. அந்நியப் பெண்களைப் படம்பிடிக்கும்போது தானும் ஒரு பெண் என்பது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்திய இடம் இது.

புதிதாகப் பார்க்க விரும்பினால் மாயா டெரன் தன் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிட்டுடன் சேர்ந்து 1943இல் தாங்கள் வாழ்ந்த வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ படத்திலிருந்து தொடங்குங்கள். 14 நிமிடம்தான். சாவி, கத்தி, முகத்துக்குப் பதில் கண்ணாடி வைத்த ஓர் உருவம். அர்த்தம் தேடாமல் ஒருமுறை, தேடிக்கொண்டு ஒருமுறை பாருங்கள். அக்கர்மன் படத்துக்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஓட்டி ஓட்டிப் பார்த்தால் அந்தக் கிழங்கு வெறும் கிழங்காகவே இருந்துவிடும்.