முதல் வாடகை வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் நான் இதுவரை மகளிர் விடுதியில் தங்கியிருந்தேன். அடுத்த மாதம் அம்மாவைத் தென்காசியிலிருந்து அழைத்துவந்து தனி வீட்டில் குடியேற விரும்புகிறேன். வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு வீட்டைப் பார்த்தோம். வாடகை 14,000 ரூபாய். ஆறு மாத முன்பணம் கேட்கிறார்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை தர வேண்டும். இன்றே டோக்கன் தொகை கொடுக்காவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: இன்று எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு நாள் பொறுத்ததால் கைவிட்டுப்போன வீட்டுக்கு இணையான வேறொன்று கிடைத்துவிடும். ரசீது இல்லாமல் கொடுத்த டோக்கன் தொகையைத் திரும்பப் பெறுவதுதான் கடினம்.

அறைகளின் அளவைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு இருக்கிறதா, சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஏறுகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பவற்றை உரிமையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். குளியலறைக் குழாய்களிலும் ஓடுகளிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு, கேட்காமலேயே பாதி பதிலைச் சொல்லிவிடும். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விகளை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

வேளச்சேரியில் தரைத்தளம் என்பதால் இன்னொன்றையும் விசாரித்தாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதியின் பல தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வேளச்சேரி முழுவதும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு தெரு மூழ்கும்போது அடுத்த தெரு தப்பிவிடுவதும் உண்டு. எனவே தரகரின் உறுதிமொழியை மட்டும் நம்பாமல், தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும், அந்த இரண்டு மழைகளிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். அவர்களுக்கு மறைக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. இடுப்பளவு என்று பதில் வந்தால், வாடகையைக் குறைத்தாலும் அந்த வீடு வேண்டாம். அம்மாவுடன் இருக்கப்போகும் நீங்கள் முதல் மாடியில் தேடுங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பணத்துக்கு அச்சட்டம் வகுத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை, அதாவது உங்கள் கணக்கில் 42,000 ரூபாய். உங்களிடம் கேட்பதோ 84,000 ரூபாய். ஆறு மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பிற்பாடு சட்டத்தைக் காட்டி வாதிடுவது எளிதாக இராது. ஆகவே பேரம் பேசுவதற்குரிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய நேரம்தான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. "பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை" என்று தரகர் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பலரும் படிக்காமல் விடுவது வெள்ளையடிப்பைப் பற்றிய வரியைத்தான். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் ஏறக்குறைய வழக்கமாகவே ஆகிவிட்டது. சட்டத்தின் அட்டவணையோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் மின்கம்பிகளைப் பராமரிப்பதையும் உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. பிடித்தம் என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இயலாதென்றால், எத்தனை ஆண்டு குடியிருந்த பின் எவ்வளவு என்பதையாவது எழுதச் சொல்லுங்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். முன்பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். சாவி வாங்கும் நாளன்று, பொருள்களை இறக்கும் முன், சுவர் விரிசல், கதவு, கழிவறை, மின்மீட்டர் எண் அனைத்தையும் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: மின்சாரத்துக்குத் தனி இணைப்பு இல்லை, துணை மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று உரிமையாளர் சொல்கிறார். வாடகை குறைவாக இருப்பதால் ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016 முதல் உள்ளது. நீங்கள் 200 யூனிட் செலவழித்தால் உரிமையாளருக்கு 1,800 ரூபாய் தருவீர்கள். தனி இணைப்புள்ள வீட்டில் அதில் பாதியைவிட மிகக் குறைவாகவே கட்டணம் வரும். ஏ.சி. வைக்கும் எண்ணமிருந்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். வாடகையில் கிடைக்கும் சலுகை இதை ஈடுகட்டாவிட்டால், தனி இணைப்புள்ள வீட்டையே தேடுங்கள்.

கேள்வி: வீடு பிடித்துவிட்டது. ஆனால் ஆடியில் குடிபோகக் கூடாது என்கிறார் அப்பா. ஒரு மாத வாடகை வீணாகுமே?

பதில்: அப்பாவின் விருப்பத்தை மீற வேண்டியதில்லை, ஆடி உங்களுக்கு உதவவும் கூடும். அந்த மாதத்தில் குடிவருபவர்கள் குறைவு என்பதால் காலியாக வீட்டை வைத்திருக்கும் உரிமையாளர் பேச்சுவார்த்தைக்கு இறங்கிவருவார். ஆடியிலேயே ஒப்பந்தத்தை முடித்து, வாடகை ஆவணி முதல் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது ஆகியவற்றை அதற்குள் முடித்துத் தர வேண்டும் என்பதையும் சேருங்கள். எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்றாக அந்த ஒப்பந்தமே உதவும் என்பதால் அதற்கும் அப்போதே விண்ணப்பித்துவிட்டால், ஆவணியில் பால் காய்ச்சும் நாளுக்குள் அடுப்பும் தயாராகிவிடும்.